பெட்டிக்குள் பெய்யும் மழை

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கு. காலி கன்டெய்னர் ஒன்று டிரெய்லரோடு வந்து, பின்புறத்தைக் காட்டி நின்றது. சரக்கு ஏற்றத் தொடங்கும் முன் சூப்பர்வைசர் இரண்டு பையன்களை உள்ளே ஏறச் சொல்லிக் கதவுகளை இழுத்துச் சாத்தினார். நானும் அவர்களோடு ஏறியிருந்தேன். கும்மிருட்டு. காய்ந்த தோசைக்கல்லுக்கு அடியில் நிற்பது போல வெக்கை. வெளியிலிருந்து குரல் வந்தது: "ஏலே, நட்சத்திரம் ஏதும் தெரியுதா?"

கூரைத் தகட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பகல் வெளிச்சம் அதன் வழியே நட்சத்திரம் மாதிரி மினுங்கும். அண்ணாந்தபடி ஒரு நிமிடம் நின்றோம். ஒன்றுமில்லை. கதவு திறந்ததும் சூப்பர்வைசர் ஏறி வந்து, மண்டியிட்டு, பலகைத் தரையை மோந்து பார்த்தார். போன தடவை இதே பெட்டியில் ரப்பரோ தோலோ போயிருந்தால் அந்த வாடை பலகையில் ஊறியிருக்கும். பக்கத்தில் ஒரு மாதம் அடைந்து கிடக்கும் அப்பளம் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

சரக்கு இங்கிலாந்துக்கு. முறுக்கு, தட்டை, அப்பளம், எலுமிச்சை ஊறுகாய், பூண்டு ஊறுகாய், புளிக்காய்ச்சல். ஃபீடர் கப்பலில் ஓர் இரவுப் பயணம் கொழும்புக்கு. அங்கே யார்டில் சில நாள் காத்துக் கிடந்து, பிறகு பெரிய கப்பல். அனுப்புகிற அண்ணாச்சி இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர். நட்சத்திரம் இல்லை என்றதும் நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டதைப் பார்த்துச் சிரித்தார். "ஓட்டை இல்லன்னா மழை வராதுன்னு நினைச்சிராதீங்க. மழை உள்ளேயே பெய்யும்."

அவருடைய முதல் சரக்குகளில் ஒன்று அப்படித்தான் போயிற்று. பெட்டியில் கீறல் கிடையாது, சீல் உடையவில்லை, கடல்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஆனால் அங்கே கதவைத் திறந்தபோது மேல் வரிசை அட்டைப்பெட்டிகள் நனைந்து தொய்ந்து, சில இடங்களில் கறுப்புப் பூசணம் பூத்து நின்றன. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்து என்றுதான் யாரும் முதலில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது கட்டுப்படியாகாது. 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாக 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதாவது பெட்டி முழுக்கக் காலியாக இருந்து, காற்று ஈரத்தில் ததும்பிக்கொண்டிருந்தாலும் உள்ளே இருப்பது ஒரே ஒரு லிட்டர் தண்ணீர். சரக்கு அடைத்த பிறகு மிஞ்சும் காற்று இன்னும் குறைவு. கால் லிட்டர் தேறினால் அதிகம். அதை வைத்துக்கொண்டு ஓர் அட்டைப்பெட்டியைக்கூட உருப்படியாக நனைக்க முடியாது.

தண்ணீர் சரக்கோடு சரக்காக ஏறியிருந்தது. தொட்டால் காய்ந்திருப்பதாகத் தோன்றும் அட்டை, கடலோர ஊரின் காற்றில் கிடக்கும்போது தன் எடையில் பத்தில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வைத்திருக்கும். ஆயிரம் பெட்டி, பெட்டிக்கு 700 கிராம் அட்டை என்றால் மொத்தம் 700 கிலோ. அதில் 70 லிட்டர் தண்ணீர். அடியில் வைக்கும் மரப் பேலட் சரியாகக் காயாததாக இருந்தால் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். பத்து பேலட், ஒவ்வொன்றும் 20 கிலோ என்றால் அங்கே இன்னொரு 40 லிட்டர். ஏழு குடம் தண்ணீரை உள்ளே தூக்கி வைத்துவிட்டு, கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இந்த ஏழு குடமும் வெளியே வரப்போவதில்லை. சில லிட்டர் நடமாடினாலே போதும். பகலில் வெயில் கூரைத் தகட்டைச் சுடவைக்கிறது. மேல் வரிசை அட்டைகள் சூடாகி ஈரத்தைக் காற்றில் விடுகின்றன. இரவில் தகடு சட்டெனக் குளிர்கிறது. 30 டிகிரியில் 30 கிராம் தாங்கிய அதே காற்று 10 டிகிரிக்கு இறங்கினால் ஒன்பதரை கிராமைத்தான் தாங்கும். மிச்சம் தகட்டின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து, கனத்து, கீழே சொட்டுகிறது. மறுநாள் வெயில் வந்ததும் திரும்ப ஆவி. கடலும் மேகமும் சேர்ந்து செய்கிற வேலையை ஓர் இரும்புப் பெட்டி தினசரி செய்து பார்க்கிறது. கப்பல்காரர்கள் இதை வியர்வை என்பார்கள்; அதில் இரண்டு வகை. வெப்ப நாட்டிலிருந்து குளிர் நாட்டுக்குப் போகும்போது சுவர் வியர்க்கும். குளிரிலிருந்து வெப்பத்துக்கு வந்தால் சரக்கே வியர்க்கும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதைப் போல. தகர டின்கள் துருப்பிடிப்பதும் பாட்டில் லேபிள் கழன்று வருவதும் பெரும்பாலும் இரண்டாம் வகையால்.

பேலட்டைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. ஏற்றுமதிப் பேலட்டில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரையும் வெப்பச் சிகிச்சைக்கான குறியும் சுட்டிருப்பார்கள். மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது என்று அதற்குப் பொருள். புழு பூச்சி நாடு விட்டு நாடு போகாமல் இருக்க வந்த சர்வதேச விதி அது. புழு செத்திருக்கும், ஈரம் இருக்கும். முத்திரையைப் பார்த்துவிட்டு மரம் காய்ந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் இன்னமும் உண்டு.

ஈரத்தால் வருகிற முதல் நஷ்டம் உணவுக்கு இல்லை, அட்டைக்கு. ஓர் அட்டைப்பெட்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அழுத்தி நசுக்கிப் பார்த்து அளப்பார்கள். 300 கிலோ தாங்கியது என்று வையுங்கள். அது சில நொடி அழுத்தத்துக்கான கணக்கு. ஒரு மாதம் தொடர்ந்து தலையில் பாரம் இருந்தால் அட்டை மெல்ல மெல்லத் தொய்ந்து, அதில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத்தான் தாங்கும். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு ஏறினால் இருக்கிற பலமும் பாதியாகும். 300 கிலோ கடைசியில் 90 கிலோவாக வந்து நிற்கிறது. இதில் ஏற்றுகிற ஆட்களின் கைப்பழக்கமும் சேர்ந்துகொள்ளும். கொத்தனார் செங்கல் வைக்கிற மாதிரி மூட்டு மாற்றி மாற்றி அடுக்கினால் பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் பெட்டியின் பலமெல்லாம் நான்கு மூலைகளில் இருக்கிறது. மூலைமேல் மூலையாக நேராக அடுக்கினால்தான் அந்தப் பலம் கீழ்வரை இறங்கும். மாற்றி அடுக்கும்போது மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுவயிற்றில் உட்காருகிறது. அன்றைக்கு சூப்பர்வைசர் ஒரு வரிசையை முழுக்க இறக்கவைத்துத் திரும்ப அடுக்கச் சொன்னது இதற்காகத்தான். பையன்கள் முணுமுணுத்தார்கள்.

உணவுக்குள்ளே இருக்கும் தண்ணீருக்கு வருவோம். தேனில் நூற்றுக்குப் பதினேழு பங்கு தண்ணீர், வருடக்கணக்கில் கெடாது. நிலக்கடலையில் பத்துப் பங்கு ஈரம் இருந்தாலே பூசணம் பிடித்துவிடும். அப்படியானால் தண்ணீரின் அளவு முக்கியமில்லை, அதன் சுதந்திரம்தான் முக்கியம். சீட்டில் கட்டிய பணமும் சட்டைப்பையில் உள்ள பணமும் நம்முடையதுதான், ஆனால் டீக்கடையில் சட்டைப்பைப் பணம்தான் செல்லும். தேனில் உள்ள தண்ணீர் சர்க்கரையிடம் சீட்டில் முடங்கிக் கிடக்கிறது. நுண்ணுயிர் வந்து கேட்டால் கிடைக்காது. கடலையில் பாதி எண்ணெய். எண்ணெய் தண்ணீரைப் பிடித்து வைக்காது, ஆகவே இருக்கிற கொஞ்சமும் கைக்காசாக உலவுகிறது. இந்தச் சுதந்திரத்தை அளக்கும் எண்ணுக்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். நுண்ணுயிர்கள் கெடுதல் செய்வது இதைப் பொறுத்தது என்று 1950களில் நிலைநாட்டியவர் ஆஸ்திரேலிய ஆய்வாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட். சுத்தத் தண்ணீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.91க்கு மேல் வேண்டும். சாதாரணப் பூசணத்துக்கு 0.80 போதும். 0.60க்குக் கீழே எதுவும் பெருகாது. தேன் அந்த விளிம்பில் நிற்கிறது.

முறுக்கு இதற்கெல்லாம் வெகு கீழே, 0.2, 0.3 என்ற அளவில் கிடக்கிறது. கிருமிக்கு அங்கே வேலையே இல்லை. முறுக்கின் கவலை வேறு: நமுத்துப் போவது. வறண்ட முறுக்கில் மாவுச்சத்தின் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல், ஆனால் அசையவும் முடியாமல் உறைந்து நிற்கின்றன. ஜன்னல் கண்ணாடியின் உள்நிலையும் இதுதான். அதனால்தான் கடித்தால் கண்ணாடி போல நொறுங்குகிறது. நாம் காதால் சாப்பிடுகிற பண்டம் அது. கொஞ்சம் ஈரம் நுழைந்தால் தண்ணீர் மூலக்கூறுகள் இடையில் புகுந்து உயவு எண்ணெய் மாதிரி வேலை செய்கின்றன, சங்கிலிகள் வழுக்கத் தொடங்குகின்றன, கண்ணாடி ரப்பராகிறது. நீர்ச் செயல்பாடு 0.4, 0.5ஐத் தொடும்போது இது நடந்து முடிந்துவிடும். நமுத்த முறுக்கைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் காசு கொடுத்து வாங்கியவரிடம் இந்த விளக்கத்தைச் சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வறட்டிவிடலாமே? முடியாது. மிக வறண்டால் எண்ணெய் கெடும். கொஞ்சமாக இருக்கும் தண்ணீர் எண்ணெயைச் சுற்றி மெல்லிய போர்வை போல நின்று ஆக்சிஜனைத் தடுக்கவும், ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் இரும்பு, செம்பு போன்ற உலோகத் துகள்களை அடக்கவும் செய்கிறது. அதுவும் போய்விட்டால் சிக்கு வாடை சீக்கிரம் வரும். ஈரம் ஏறினால் நமுப்பு, இறங்கினால் சிக்கு. நடுவில் ஒற்றையடிப் பாதைதான். பொட்டலத்தில் காற்றை வெளியேற்றி நைட்ரஜன் அடைப்பது இதற்காக. உறையும் ஒரே பிளாஸ்டிக்காக இருக்காது. பாலித்தீன் தண்ணீரை நன்றாக மறிக்கும், ஆனால் ஆக்சிஜனுக்கு அது சல்லடை. நைலான் நேர்மாறு. ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நடுவில் அலுமினியப் பூச்சோ தகடோ வைத்து, இரண்டு காவலையும் ஒரே உறையில் கொண்டுவருகிறார்கள். பளபளப்பு அழகுக்கு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஊறுகாய் வேறு சாதி. அதில் தண்ணீர் தாராளம். அதைக் காப்பது உப்பும் புளிப்பும் மேலே நிற்கும் எண்ணெயும். இதில் எண்ணெயைப் பற்றி நம் வீடுகளில் ஒரு பாதி உண்மை புழங்குகிறது: எண்ணெய் மூடியிருந்தால் கெடாது. பூசணத்துக்கு ஆக்சிஜன் வேண்டும், எண்ணெய் அதைத் தடுக்கிறது, அதுவரை சரி. ஆனால் ஆக்சிஜனே இல்லாத இடத்தில்தான் செழிப்பேன் என்று காத்திருக்கும் ஒன்று உண்டு, கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம். நரம்பை முடக்கும் கொடிய நஞ்சைச் சுரக்கிற பாக்டீரியா. அதன் வித்துகள் மண்ணில் இருக்கின்றன. மண்ணுக்குள் விளையும் பூண்டிலும் ஒட்டி வரும். கொதிக்கும் தண்ணீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் சாகாது. அதை முளைக்கவிடாமல் செய்வது புளிப்பு: பி.எச். அளவு 4.6க்குக் கீழே இருந்தால் அது எழும்பாது. எலுமிச்சைக்குப் பிறவியிலேயே அந்தப் புளிப்பு உண்டு. பூண்டுக்குக் கிடையாது, வினிகரோ எலுமிச்சைச் சாறோ புளியோ சேர்த்து, அது ஒவ்வொரு பல்லின் உள்நடுவரை ஊறியிருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களை அந்நாட்டு உணவு நிர்வாகம், புளிப்பூட்டிய உணவு என்று தனி வகைப்படுத்தி, தயாரிப்பு முறையைப் பதிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் இந்த 4.6தான். அண்ணாச்சியின் சமையல்கூடத்தில் பூண்டு ஊறுகாய் அண்டா பக்கத்தில் ஒரு பி.எச். மீட்டர் இருக்கிறது. தாளிப்பு வாசனைக்கு நடுவில் அது கொஞ்சம் அந்நியமாகத்தான் தெரியும்.

புளிப்பில்லாத பண்டம், சாம்பாரோ பருப்போ, இந்தக் குறுக்குவழியில் போக முடியாது. வித்துகளையே கொல்ல வேண்டும். அதற்கு அழுத்தத்தில் 121 டிகிரி. சூடு கடைசியாகப் போய்ச் சேரும் நடுப்புள்ளியில் குறைந்தது மூன்று நிமிடம். நம் பிரஷர் குக்கர் எட்டுகிற சூடு ஏறத்தாழ இதுதான். தகர டின்னுக்குப் பதில் தட்டையான பையில் அடைத்தால் நடுப்புள்ளி பக்கத்தில் வந்துவிடும், உணவு குழைவதற்குள் வேலை முடியும். மைசூரில் உள்ள பாதுகாப்பு உணவு ஆய்வகம் ராணுவத்துக்காக இந்த வகைப் பைகளில் நிறைய வேலை செய்திருக்கிறது.

கெடாத உணவைக் கலத்தில் அடைத்துக் கடல் கடத்துவது நமக்குப் பழைய விவகாரம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில், 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடத்தில், ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்தவை தவிர, கரும் என்னும் மீன்சாறு வந்த ஜாடிகளும் அதில் உண்டு. மீனை உப்பில் ஊறப்போட்டு வெயிலில் கரைய விட்டு வடித்த சாறு. உப்பு அதிகம், நீர்ச் செயல்பாடு குறைவு. எதிர்த் திசையில் போன மிளகு, எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகேயில், ஓர் இந்திய ஜாடிக்குள் ஏழரை கிலோ அளவுக்கு அப்படியே கிடந்தது. ஏறத்தாழ 2,000 வருடம். பாலைவன வறட்சி அதைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்தச் செங்கடல்தான் அண்மையில் கணக்கைக் குழப்பியது. 2023 கடைசியில் அங்கே சரக்குக் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், சூயஸ் வழியை விட்டுப் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி நன்னம்பிக்கை முனை வழியே போயின. வட ஐரோப்பாவுக்கு 10 முதல் 14 நாள் கூடுதல். எண்ணெய்ப் பண்டத்துக்கு நாள் மட்டும் கணக்கில்லை, சூட்டோடு சேர்ந்த நாள். பத்து டிகிரி ஏறினால் கெடும் வேகம் இரட்டிக்கும் என்பது தோராயமான விதி. 30 டிகிரியில் ஆறு மாதம் தாங்குகிற முறுக்கு, 40இல் மூன்று மாதம், 50இல் ஒன்றரை மாதம். வெயிலில் நிற்கும் கன்டெய்னரின் கூரையடியில் 50ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். ஆச்சரியம் என்னவென்றால் நடுக்கடலில் இவ்வளவு சுடாது; காற்று அடித்துக்கொண்டே இருக்கும். சூடு ஏறுவது துறைமுக யார்டுகளில், கான்கிரீட் தரைமேல், அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்கும் நாட்களில்.

பெட்டிக்குள்ளும் எல்லா இடமும் ஒன்றில்லை. நடுவில் இருக்கும் சரக்கு மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். பகல் இரவு ஏற்றத்தாழ்வு முழுவதையும் வாங்கிக்கொள்வது மேல் வரிசை. மழை பெய்வதும் அதன் தலையில்தான். அந்த மேல் வரிசையில் என்ன வைக்கிறோம்? கனமான ஊறுகாய் பாட்டில்கள் அடியில், லேசான முறுக்கு மேலே. எடைக்கு அதுதான் நியாயம். மாற்றி வைத்தால் முறுக்கு மாவாகிவிடும். ஆக, எதற்குச் சூடும் ஈரமும் ஆகவே ஆகாதோ அதைக் கொண்டுபோய்ச் சூடும் ஈரமும் கூடிய இடத்தில் வைத்தாக வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலின் பாதித் தந்திரங்கள் இந்த ஒரு சங்கடத்தைச் சமாளிக்கத்தான். கூரைக்கும் மேல் வரிசைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. சரக்கின் தலைமேல் கிராஃப்ட் காகிதம். வசதி இருந்தால் வெப்பம் தடுக்கும் வெள்ளித் தாள். கப்பல்காரரிடம் மேல்தளத்தில் வேண்டாம், உள்ளே வையுங்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்பது நம் உரிமை, வைப்பது அவர்கள் விருப்பம்.

கடைசியாகப் பக்கச் சுவர் கொக்கிகளில் நீளநீளமான வெள்ளைப் பைகளைத் தொங்கவிட்டார்கள். உள்ளே கால்சியம் குளோரைடு. மருந்துப் புட்டியில் வரும் சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைப் பிடித்தால் பெரிது. இது தன் எடைக்கு மேலேயே குடிக்கும். குடித்துக் குடித்துத் தானே கரைந்து கூழாகிவிடும். கதவு சாத்தி, சீல் போட்டு, அதன் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டார்கள். டிரெய்லர் கிளம்பியது.

ஏழு வாரம் கழித்து அண்ணாச்சி கூப்பிட்டார். அங்கே இறக்கிய ஆள் வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தாராம், எனக்கும் தள்ளிவிட்டார். மேல் வரிசைப் பெட்டிகள் விறைப்பாக இருந்தன. ஒரு பை மட்டும் தராசில் கிடந்தது. தொங்கவிட்டபோது ஒரு கிலோ. இப்போது முள் இரண்டரைக்குப் பக்கத்தில். அடிப்பாகம் உப்பிக் கூழ் தளும்பியது.

"பாத்தீங்களா," என்றார் அண்ணாச்சி. "ஒன்றரை லிட்டர் தூத்துக்குடித் தண்ணி. லண்டன் வரைக்கும் ஓசியிலே போயிருக்கு."